மெட்டல் கேட்க எந்த ஹெட்ஃபோன்? விலையைப் பார்ப்பதற்கு முன்

மெட்டல் இசை ரசிகர் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் செய்கிற முதல் வேலை, விலை உயர்ந்த ஹெட்ஃபோன்களின் விமர்சனங்களைத் தேடிப் படிப்பது. படித்தால் எல்லாமே பிரமாதம் என்றுதான் இருக்கும். பாடகி மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் கேட்கிறது என்பார்கள். ஆனால் அந்த விமர்சகர் போட்டுக் கேட்டது பெரும்பாலும் ஒரு பெண் குரலும் ஒரு பியானோவுமாகத்தான் இருக்கும். அதே ஹெட்ஃபோனில் மெட்டலின் ஆவேசமான கிளையான டெத் மெட்டல் போட்டால் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) காதைக் கிழிக்கலாம், கிட்டார் ஒல்லியாகலாம், டிரம்ஸில் கனமே இல்லாமல் போகலாம். லட்ச ரூபாய் கொடுத்தும் இப்படி நடக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்டலுக்கு ஹெட்ஃபோன் வாங்குபவர், தான் கேட்கும் ஆல்பங்கள் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவோடு ஒத்துப்போகிற டோனை, அதாவது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளின் சமநிலையை, தேட வேண்டும். விலை, பிராண்ட், உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் எல்லாம் அப்புறம். 2017-இல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். எந்தச் சுருதியை எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது என்ற விஷயத்துக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. காசு கூடக் கூட நல்ல மரம், நல்ல தோல், குறைந்த டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) கிடைக்கும். டோன் அப்படிக் கிடைப்பதில்லை.

சத்தத்துக்குள் என்ன இருக்கிறது

ஒலியின் அதிர்வை ஹெர்ட்ஸில் அளக்கிறோம். ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் கணக்கு. மனிதக் காதுக்குச் சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும்.

சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரில் அது 41. மெட்டல் இந்தக் கணக்கைக் கீழே இழுத்துக்கொண்டே போன இசை. பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி 1965-இல் பர்மிங்ஹாமில் ஒரு உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்துவது வலது கையால். கம்பியைத் தளர்த்தினால் அழுத்துவது சுலபம் என்பதால் சுருதியை இறக்கினார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் தடித்த கம்பி 69 ஹெர்ட்ஸ் வரை இறங்கியிருக்கிறது. இன்று மெஷுகா போன்ற குழுக்கள் வாசிக்கும் எட்டுக் கம்பி கிட்டாரில் வழக்கமான அடிச்சுருதி 46 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட பேஸ் கிட்டாரின் வீட்டுக்குள்ளேயே கிட்டார் நுழைந்துவிட்டது.

அதன் மேல் டிஸ்டார்ஷன். ஆம்ப்ளிஃபையர் தாங்கும் எல்லைக்கு மேல் சிக்னலைத் தள்ளும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அப்படி வெட்டுப்படும்போது ஒரு சுரத்தோடு அதன் மடங்குகளும் பிறக்கின்றன: 82 என்றால் 164, 246, 328 என்று வரிசையாக. ஒரே கம்பி இத்தனை இடத்தை அடைத்துக்கொள்கிறது. கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். அதனால் கிட்டார் குடியிருப்பது ஏறக்குறைய 80-இலிருந்து 5,000 வரை. பாடகரின் உறுமலும் அதே இடத்தில். பேஸ் கிட்டாரின் மேல்பாதியும் அங்கேதான். போதாததற்கு ஸ்டூடியோவில் அதே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இரண்டு முறை, சில சமயம் நான்கு முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து, பாதியை இடக் காதுக்கும் பாதியை வலக் காதுக்கும் ஒதுக்குவார்கள். சுவர் எழுப்பியதுபோல் ஒலி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஹெட்ஃபோனின் குணம் முதலில் அம்பலமாவது இங்கேதான். நிமிடத்துக்கு 200 தாளம் ஓடும் பாட்டில் இரண்டு காலாலும் தாளத்துக்கு நாலு அடி விழுந்தால், விநாடிக்கு 13 அடிக்கு மேல். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 75 மில்லி விநாடி. டிரம்மின் உடல் ஒலி 60 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அந்த 75 மில்லி விநாடிக்குள் அது நாலரை முறைதான் அதிர முடியும். முழுசாக அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். இதைச் சமாளிக்க, வாத்தியங்களை எல்லாம் கலந்து சேர்க்கும் மிக்சிங் வேலையைச் செய்பவர் அடிப்பகுதியைக் குறைத்து, சுத்தி தோலில் படும் 'டிக்' சத்தத்தைத் தூக்கி வைப்பார். அந்த டிக் 3,000-இலிருந்து 6,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கும். ஆக, கிக் டிரம் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் வாழ்கிறது. ஹெட்ஃபோன் 100-300 ஹெர்ட்ஸை வீங்க வைத்தால் அடிகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் உறுமலாகும். 4,000-ஐ ஒட்டிப் பள்ளம் இருந்தால் டிக் காணாமல் போகும். அந்த இடத்தைத் தேவைக்கு மேல் தூக்கினால் டைப்ரைட்டர் தட்டும் ஓசைதான் மிஞ்சும்.

சிம்பல் 5,000-க்கு மேல். வேகமான பாட்டில் அது ஓய்வதே இல்லை. 6,000 முதல் 9,000 வரையில் எங்காவது ஒரு ஹெட்ஃபோனுக்குக் கூர்மையான முனை (ஒலி திடீரென்று எகிறும் இடம்) இருந்தால், பியானோ கேட்பவர் அதைக் கவனிக்காமலேகூட இருந்துவிடலாம். மெட்டல் கேட்பவருக்கு ஒவ்வொரு விநாடியும் அது குத்தும்.

கடைக்காரர்களும் ரசிகர்களும் 'இது வேகமான ஹெட்ஃபோன், அதனால் மெட்டலுக்குப் பொருந்தும்' என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். டிரைவரின் (ஹெட்ஃபோனுக்குள் ஒலியை எழுப்பும் பாகத்தின்) எடை குறைவு, அதனால் சட்டென்று நகர்கிறது, சட்டென்று நிற்கிறது என்பார்கள். இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெட்ஃபோனில் ஒரு சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதும் எந்தச் சுருதியை எவ்வளவு தூக்குகிறது என்பதும் பெரும்பாலும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள். வீக்கமில்லாத கீழ்மத்தியும் முனையில்லாத மேல்பகுதியும் இருந்தால் அதையே நம் காது வேகம் என்று எடுத்துக்கொள்ளும்.

பதிவு எப்படியோ அப்படி

மெட்டாலிகா குழுவின் 1988 ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. மிக்சிங்கில் அவ்வளவு கீழே இறக்கிவிட்டார்கள். எந்த ஹெட்ஃபோன் வாங்கினாலும் அது திரும்பி வராது. அதே குழு 2008-இல் வெளியிட்ட 'டெத் மேக்னடிக்' இன்னொரு வகை. சத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒலியை அழுத்தி அழுத்தி, அலைகள் வெட்டுப்பட்டு, கரகரப்பே காதில் விழும் அளவுக்குப் போனது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்குக் கொடுக்கப்பட்டபோது அவ்வளவு அழுத்தப்படாமல் இருந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். நுணுக்கமாகக் காட்டும் ஹெட்ஃபோன் இந்தக் கரகரப்பையும் நுணுக்கமாகவே காட்டும். காசு கொடுத்து வாங்குகிற கஷ்டம் அது.

அதனால் உங்கள் நாட்டம் எந்தக் கிளைவகையில் என்பது முக்கியம். நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1994-இல் வெளியிட்ட, நாலு தடம் மட்டுமே உள்ள எளிய கருவியில் பதிவான பிளாக் மெட்டலில் அடித்தளமே மெலிசு, மேலே ஒரே இரைச்சல், வேண்டுமென்றேதான். இதற்கு ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகள்) தூக்கிய ஹெட்ஃபோன் தண்டனை. மேல்பகுதி தணிந்த, சற்றுச் சூடான டோன் வேண்டும். 1990 வாக்கில் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் உருவான ஸ்வீடிஷ் டெத் மெட்டலில், பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 என்ற கிட்டார் டிஸ்டார்ஷன் பெடலின் எல்லாக் குமிழையும் முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு வாசித்தார்கள். அந்த ரம்ப ஓசை 1,000 ஹெர்ட்ஸை ஒட்டித் துருத்திக்கொண்டிருக்கும். அதே இடத்தை ஹெட்ஃபோனும் தூக்கினால் ரெண்டு பாட்டுக்கு மேல் தாங்காது. அதே காலத்தில் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிவான டெத் மெட்டல் இதைவிடத் தெளிவு. அதற்குச் சமநிலையான எதுவும் பொருந்தும். டூம், ஸ்லட்ஜ் போன்ற மெதுவான, கனமான வகைகளைக் கேட்பவர்களுக்குக் கீழே 40 ஹெர்ட்ஸ் வரை தளராமல் வருவதுதான் முக்கியம். ஒபெத் மாதிரி அமைதியும் ஆவேசமும் மாறி மாறி வரும் குழுக்களைக் கேட்பவருக்கு மட்டும்தான் விமர்சகர்கள் புகழும் அந்த விரிந்த மேடை (வாத்தியங்கள் சுற்றிலும் பரந்து நிற்பதுபோன்ற உணர்வு) முழுப் பலன் தரும் என்பேன்.

என்னென்ன வகை, எது எதற்கு

திறந்த முதுகு, மூடிய முதுகு என்று முதல் பிரிவு. திறந்ததில் டிரைவருக்குப் பின்னால் வலைதான் இருக்கும். ஒலி வெளியே போகும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். உயர்ரக ஹெட்ஃபோன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கிண்ணத்துக்குள் ஒலி மோதித் திரும்பாததால் கிட்டார் சுவரில் தெளிவு கிடைக்கும். ஆனால் ஃபேன் ஐந்தில் ஓடும் அறையில் உட்கார்ந்து திறந்த ஹெட்ஃபோனில் நுணுக்கம் தேடுவது வீண் வேலை. பக்கத்தில் தூங்குபவருக்கும் உங்கள் பிளாஸ்ட் பீட் (மெட்டலின் அதிவேக டிரம் அடி) தெளிவாகக் கேட்கும். வீட்டில் தனி அறை இல்லாதவர் மூடியதைத்தான் பார்க்க வேண்டும். மூடியதில் பேஸ் (தாழ்ந்த ஒலி) நன்றாக வர, திண்டு காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் படிய வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பு போகும் சின்ன இடுக்கு போதும், பேஸ் குறைந்துவிடும்.

அடுத்தது டிரைவர். டைனமிக் வகையில் ஒரு சுருள் கம்பி காந்தத்துக்குள் நகர்ந்து, தன்னோடு ஒட்டிய மெல்லிய குவிமுகட்டைத் தள்ளும். சென்ஹைசர், பேயர்டைனமிக், ஃபோக்கல், கிராடோ எல்லாம் முக்கியமாக இதுதான். பிளேனார் வகையில் பிளாஸ்டிக் படலத்தின் மேலேயே மின்கடத்தி படிந்திருக்கும். காந்தங்கள் அந்தப் படலத்தின் பரப்பு முழுவதையும் ஒன்றாகத் தள்ளும். ஆடெஸி, ஹைஃபைமேன் இதில் பெயர் பெற்றவை. (சுந்தரா, ஆர்யா, சுஸ்வரா என்று மாடல்களுக்குப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்து ஹைஃபைமேனை நம்மூர் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள், சீன நிறுவனம்.) மூன்றாவது எலக்ட்ரோஸ்டாடிக், காந்தம் இல்லாமல் மின்னழுத்தமே மெல்லிய படலத்தை இழுத்துத் தள்ளும் வகை. ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-இலிருந்து செய்கிறது. இன்றைய ஸ்டாக்ஸ் மாடல்களுக்கு 580 வோல்ட் கொடுக்கும் தனி ஆம்ப் வேண்டும். சிம்பலின் ஒவ்வொரு இழையும் பிரிந்து கேட்கும். அடி வயிற்றில் விழுகிற அந்த அடி மட்டும் குறைவு. மெட்டலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளேனாரின் பெரிய பலம், திறந்த முதுகோடு இருந்தும் 20-30 ஹெர்ட்ஸ் வரை பேஸ் தளராமல் வருவது. திறந்த டைனமிக்கில் பெரும்பாலும் 80-க்குக் கீழே சரிவு தொடங்கிவிடும். எட்டுக் கம்பி கிட்டாரும் டூமும் கேட்பவர் பிளேனார் பக்கம் சாய்வதற்கு இதுவே போதுமான காரணம். டைனமிக்கில் பலருக்கும் பிடிப்பது, குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மின் அடியில் வரும் 'பட்' என்ற அறை. ஃபோக்கல் கிளியர் இதற்குப் பேர்போனது.

மாடல் பெயர்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600-உம் 2003-இல் வந்த எச்டி 650-உம் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. ஆழ்ந்த பேஸ் கிடையாது, மேடை சின்னது. ஆனால் கிட்டார் கிட்டார் மாதிரியே இருக்கும், மோசமான பதிவைக்கூடக் கேட்க விடும். 80-90களின் த்ராஷ், டெத் கேட்பவர் இதற்கு மேல் செலவு செய்யும் முன் இதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அதே நிறுவனத்தின் எச்டி 800, 2009-இல் வந்தபோது உலகமே வியந்த ஹெட்ஃபோன். விலையும் அதற்கேற்ப. ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அதற்கு ஒரு முனை. அழுத்திப் பிழிந்த மெட்டல் ஆல்பத்தை அதில் கேட்பது கஷ்டம். 2016-இல் வந்த எச்டி 800 எஸ்-இல் அந்த முனையை உறிஞ்சி அடக்க ஏற்பாடு செய்தார்கள். இப்போது பரவாயில்லை, இருந்தும் மெலிந்த டோன்தான். விலைக்கும் மெட்டலுக்கும் உள்ள உறவை இந்த ஒரு குடும்பமே காட்டிவிடும்.

பேயர்டைனமிக்கின் டிடி 990, டிடி 1990 ப்ரோ இரண்டிலும் உறுதியான கட்டுமானம், அதோடு 8,000-ஐ ஒட்டிக் கூர்மை. ஈக்வலைசர் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் கூட்டிக் குறைக்கும் வசதி) போடத் தயங்காதவர் மட்டும் பார்க்கலாம். ப்ரூக்ளினில் 1953-இலிருந்து இயங்கும் கிராடோவை கிட்டார் பிரியர்கள் கொண்டாடுவார்கள். ரிஃப் காதுக்குள்ளேயே வாசிப்பதுபோல் அருகில் வரும், பேஸ் குறைவு. அரை மணி நேரம் சொர்க்கம், அதற்கு மேல் எனக்கு முடியாது. ஆடெஸி எல்சிடி வரிசை நேர் எதிர்: தணிந்த மேல்பகுதி, தடித்த கிட்டார், ஆழமான பேஸ். டூமுக்கும் ஸ்டோனருக்கும் அருமை. ஆனால் எல்சிடி-எக்ஸ் 612 கிராம். எச்டி 600 அதில் பாதிகூட இல்லை. ஒரு ஆல்பம் முடிவதற்குள் கழுத்து ஞாபகப்படுத்திவிடும்.

பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி நடுவைப் பள்ளமாக்கிய ஹெட்ஃபோன்கள் 'ராக், மெட்டலுக்கு' என்ற பெயரில் நிறைய விற்கப்படுகின்றன. முதல் நிமிடம் அசத்தும். ஆனால் மெட்டல் குடியிருக்கும் இடமே நடுப்பகுதிதான். அதைப் பள்ளமாக்கிவிட்டு எதைக் கேட்பது?

ஆம்ப்பும் ஈக்வலைசரும்

மெட்டலுக்குப் பெரிய ஆம்ப் வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆர்கெஸ்ட்ரா பதிவில் சராசரி ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் வித்தியாசம் அதிகம், அந்த உச்சத்துக்காக ஆம்ப்பில் சக்தி இருப்பு வேண்டும். அழுத்தப்பட்ட மெட்டலில் சராசரியே உச்சத்தை ஒட்டி நிற்கிறது. எச்டி 600-க்கு இம்பீடன்ஸ் (மின்தடை) 300 ஓம், ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் என்கிறது நிறுவனம். சுமாரான டெஸ்க்டாப் ஆம்ப் தாராளமாகப் போதும். சக்தி குடிக்கும் ஹெட்ஃபோன்களும் இருக்கின்றன. ஹைஃபைமேன் சுஸ்வரா ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் தரும். 103 டெசிபல் வேண்டுமானால் நூறு மடங்கு, அதாவது 100 மில்லிவாட் வேண்டும். வாங்கும் முன் சென்சிட்டிவிட்டி எண்ணை, அதாவது கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள், ஓம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

ஈக்வலைசர் போட்டால் தூய்மை கெடும் என்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆல்பத்தை உருவாக்கியவரே நூறு இடத்தில் ஈக்வலைசர் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் செய்த ஆய்வுகளில் பெரும்பாலான கேட்பவர்கள் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சற்றுத் தூக்கிய பேஸையே விரும்பினார்கள். நல்ல பிளேனாரில் அந்த இடத்தை 3-4 டெசிபல் தூக்கினால் கிக் டிரம்முக்கு உடல் வந்துவிடும், 200 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். சிம்பல் குத்தினால் 6,000-9,000-க்குள் எங்கே குத்துகிறது என்று தேடிப்பிடித்து அந்தக் குறுகிய இடத்தை மட்டும் இறக்குங்கள். எதைத் தூக்கினாலும் மொத்த அளவை அதே டெசிபல் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலை இன்னும் வெட்டுப்படும்.

கடையில் கேட்கும்போது

கடைக்காரர் போடும் டெமோ பாட்டை மரியாதையாக மறுத்துவிட்டு உங்கள் ஆல்பங்களைப் போடச் சொல்லுங்கள். நன்றாகப் பதிவானது ஒன்று, சுமாரானது ஒன்று, மோசமானது ஆனால் உயிருக்குயிரானது ஒன்று. மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. ஒப்பிடும் இரண்டு ஹெட்ஃபோன்களின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒரு டெசிபல் கூடினாலே கூடியதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

இரண்டு கிட்டாரும் முழுவீச்சில் ஓடும்போது பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று பின்தொடர முடிகிறதா? கிக் அடிகள் தனித்தனியாக விழுகின்றனவா? ஹை-ஹாட், ரைடு, க்ராஷ் என்று சிம்பல்கள் பிரிகின்றனவா, அல்லது எல்லாம் ஒரே 'ஸ்ஸ்ஸ்' ஆகிறதா? இடக் கிட்டாரும் வலக் கிட்டாரும் கொஞ்சம் வேறுபட்டு வாசிப்பது தெரிகிறதா? பிறகு ஒரு ஆல்பம் முழுக்க, நாற்பது நிமிடமாவது, கழற்றாமல் கேளுங்கள். நடுவில் கை தானாகச் சத்தத்தைக் குறைத்தால் மேல்பகுதியில் எங்கோ முனை இருக்கிறது. கை கூட்டிக்கொண்டே போனால் அடித்தளமோ நடுவோ போதவில்லை.

கூட்டுகிற கைக்கு ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 95-இல் கேட்டால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். மெட்டலில் ஓய்வான பகுதியே கிடையாது என்பதால் இந்தக் கணக்கு நமக்கு முழுசாகப் பொருந்தும்.

பழையதாக வாங்குவது நல்ல யோசனைதான், உயர்ரக ஹெட்ஃபோன்கள் விலையில் சீக்கிரம் இறங்கும். ஆனால் திண்டு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறினால் டோனே மாறிவிடும், விற்பவர் கேட்டது ஒன்று, நீங்கள் கேட்பது ஒன்று என்றாகும். நம் ஊர் வெக்கையில் செயற்கைத் தோல் திண்டு வியர்வையில் சீக்கிரம் உரியும். புதுத் திண்டுக்கான காசையும் சேர்த்தே பேரம் பேசுங்கள், வாங்கும்போது அதே நிறுவனத்தின் அசல் திண்டையே வாங்குங்கள்.